பெயர் எழுதாத பாடினி

மார்கழி பிறந்துவிட்டால் திருப்பாவை காதில் விழாத தெரு தமிழ்நாட்டில் அருமை. பாசுரங்களை அருளியவள் ஆண்டாள். இன்று நாம் கேட்கும் ராகங்களை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜய்யங்கார். இது சங்கீதப் பைத்தியம் சிறிதேனும் உள்ள எவருக்கும் தெரிந்த சமாசாரம். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளை எடுத்துக் கொள்ளுங்கள். கவிராயர் சீர்காழியில் வாழ்ந்தவர். பாட்டுக்களுக்கு வர்ணமெட்டு அமைத்துக் கொடுத்தவர்கள் அவருடைய சீடர்களான சட்டநாதபுரம் வேங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். இந்தப் பெயர்களும் மறைந்து போகவில்லை. சொல்லைச் செய்தவர் ஒருவர், இசையைச் செய்தவர் மற்றொருவர் என்றால், இருவரையும் குறித்து வைப்பதுதான் நியாயம் என்று நம்மவர்கள் அறிந்தே இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் தேவாரத்துக்குப் பண் அமைத்தவர் யார்?

இந்தக் கேள்வியை நாம் சிதம்பரத்திலும் கடலூரிலும் சங்கீத அபிமானிகள் பலரிடம் கேட்டுப் பார்த்தோம். சம்பந்தர் காலத்திலேயே பண் இருந்தது என்றார் ஒருவர். நம்பியாண்டார் நம்பி என்றார் மற்றொருவர். ராஜராஜ சோழன் என்றும் ஒருவர் தயங்காமல் சொன்னார். அரசர்கள் கோயில் கட்டினார்கள், ஏரி வெட்டினார்கள். பண்ணும் அமைத்தார்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கும் வேலை மிச்சந்தான்! ஆனால், பழைய மரபு சொல்லும் விடை வேறு. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குத் தெற்கே இராஜேந்திரப்பட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பாடல் பெற்ற தலங்களில் அதற்குத் திருஎருக்கத்தம்புலியூர் என்று பெயர். அந்த ஊரில் பாணர் குலத்தில் பிறந்த ஒரு பெண் சிதம்பரத்துக்கு அழைத்து வரப்பட்டாள். அவள்தான் தேவாரத்துக்குப் பண் வகுத்துக் கொடுத்தாள் என்கிறது மரபு. அவளுடைய பெயர்? அதைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குக் கிழக்கே கொற்றவன்குடியில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் உமாபதி சிவாசாரியார். அவர் பெயரால் வழங்குவது 'திருமுறை கண்ட புராணம்' என்னும் சிறு நூல். சோழ அரசன் ஒருவன் தேவாரப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு உருகி, எஞ்சியவை எங்கே என்று தேடினான். திருநாரையூரில் இருந்த நம்பியாண்டார் நம்பியைச் சரணடைந்தான். தில்லையில் அம்பலத்தின் மேற்குப் பக்கத்தில், மூவரின் கை அடையாளமிட்டுப் பூட்டிய அறையில் ஏடுகள் இருப்பதாகத் தெரிந்தது. பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாது என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். அரசன் சளைக்கவில்லை. மூவருடைய திருவுருவங்களையும் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, 'இதோ, வந்துவிட்டார்கள்' என்றான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளின்மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூட வந்திருக்கிறது. ஆனால், கதை இங்கே முடியவில்லை. மேலே நடந்ததுதான் நமக்கு முக்கியம்.

ஏடு கையில் கிடைத்தது. அதில் சொல் இருந்தது. பாடுவது எப்படி? ஓலையில் எழுத்தாணியால் எழுத்தைக் கீறலாம்; ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு இழைந்து போகும் அசைவை எப்படிக் கீறுவது? அரசனும் நம்பியும் திகைத்தார்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்குப் போய் வேண்டினார்கள். யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒருத்திக்குப் பண்களை அருளியிருக்கிறோம் என்று தெய்வ வாக்குப் பிறந்தது. அவளைத் தில்லைக்கு அழைத்து வந்தார்கள். கூத்தப்பெருமான் சந்நிதியில் அவள் பாட, இன்ன பதிகத்துக்கு இன்ன பண், இந்தப் பண்ணுக்கு இத்தனை கட்டளை என்று வரையறுத்துக் கொண்டார்கள்.

கட்டளை என்பது இன்று வழக்கொழிந்த சொல்லாகிவிட்டது. பண் ஒன்றாகவே இருந்தாலும், பாட்டின் சீர்கள் நடக்கும் நடைக்குத் தக்கபடி இசையின் ஓட்டம் மாறும். அந்த ஓட்டத்தின் அச்சுத்தான் கட்டளை. ஒரே நட்டபாடையில் அமைந்த இரண்டு பதிகங்கள் காதுக்கு இரண்டு விதமாகக் கேட்பது இதனால்தான். ஆகவே அந்தப் பெண் செய்த காரியம், 'இது நாட்டை, இது காம்போதி' என்று சீட்டு ஒட்டுவது போன்றதன்று. ஒவ்வொரு பதிகத்தின் யாப்பையும் காதால் நிறுத்து, அது எந்த அச்சில் விழும் என்று கண்டு சொல்ல வேண்டும். நமக்குக் கிடைத்துள்ள பதிகங்கள் எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. பண்கள் இருபதுக்கு மேல். வாய்ப்பாட்டு, யாழ், யாப்பு மூன்றும் கைவந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் இந்த வேலையின் பக்கத்தில்கூடப் போக முடியாது.

அவள் வகுத்த வரிசையிலேதான் ஏடுகளும் பின்னால் எழுதப்பட்டன. தலந்தோறும் தொகுத்தால் தலமுறை. பண்தோறும் தொகுத்தால் பண்முறை. பண்முறைப் பதிப்பைக் கையில் எடுத்துச் 'சம்பந்தர் அருளியது' என்று கண்ணில் ஒற்றிக் கொள்கிறோமே, அந்தப் பக்கங்களின் அடுக்கு ஒரு பெண்ணின் செவி அறிந்து சொன்ன அடுக்கு. நட்டபாடையை நாட்டையாகவும், இந்தளத்தை மாயாமாளவ கௌளையாகவும், கௌசிகத்தைப் பைரவியாகவும், மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியாகவும், செந்துருத்தியை மத்தியமாவதியாகவும் ஓதுவார்கள் பாடி வருகிறார்கள். இடையிலே எத்தனையோ மாறுதல் புகுந்திருக்கும். இருந்தாலும், நூலின் முனை எங்கே இருக்கிறது என்று கேட்டால், மரபு எருக்கத்தம்புலியூரைத்தான் காட்டுகிறது.

சரித்திரக்காரர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யக்கூடும். புராணத்தில் வரும் அரசன் முதலாம் ராஜராஜன்தானா என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ராஜராஜன் 985ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தவன். அதற்கு முன்பே, பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவோரைப் பற்றிய பேச்சு வருகிறது. கோயில்களில் பாட்டு வழங்கி வந்திருக்கும்போது, அது அடியோடு மறைந்து, பிறகு ஓர் அறையிலிருந்து வெளிவந்தது என்பதை எப்படி நம்புவது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தக் கேள்வியினால் நம்முடைய பாடினிக்கு எந்த நஷ்டமும் இல்லை, லாபமே உண்டு. பண் எங்கேயோ உயிரோடு இருந்தது என்றால் யாருடைய தொண்டையில் இருந்தது? பாணர் வீட்டில் இருந்தது, அதுவும் ஒரு பெண்ணிடத்தில் இருந்தது என்று, அரசனையும் அந்தணரையும் போற்றும் நூல் ஒன்று தானாகவே ஒப்புக் கொள்கிறது. இல்லாத ஒன்றைக் கற்பனை செய்கிறவர்கள் அந்தக் காலத்தில் இப்படிக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

ஏனென்றால், பாணர்களின் நிலைமை அப்படி. சங்க காலத்தில் பாணனும் பாடினியும் அரசனோடு சரியாசனம் அமர்ந்து உண்டார்கள். பொன் தாமரையும் பெற்றார்கள். பெரிய புராணத்துக்கு வரும்போது காட்சி மாறிவிட்டது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையில் கோயில் வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறார். இறைவன் ஆணையிட்ட பிறகே உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். ஈரத் தரையில் யாழின் நரம்பு கெடும் என்று பொற்பலகையும் இடச் சொல்கிறது தெய்வக் குரல். திருவாரூரில் அவருக்காக வடக்கே தனி வாயில் திறக்கிறது. கடவுள் குறுக்கிட்டால்தான் கதவு திறக்கும் என்ற நிலைமை!

அவருடைய மனைவி மதங்கசூளாமணியார். சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்ற இசைக் குழுவில் யாழ் பாணருடையது, மிடறு அவருடன் சேர்ந்து பாடிய அம்மையாருடையது. சேக்கிழார் பெயரைச் சொல்லியிருக்கிறார்; அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால், தருமபுரத்தில் நடந்த அந்தப் பிரசித்தமான சம்பவத்தைப் பாருங்கள். பதிகத்தின் பெருமை யாழினாலேயே பரவுகிறது என்று உறவினர்கள் பேச, யாழில் அடங்காத இசையில் சம்பந்தர் பாட, பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கப் போனார் என்கிறார்கள். யாழ்முரி என்று அந்தப் பதிகத்துக்குப் பெயரும் வந்துவிட்டது. அப்போது பக்கத்தில் இருந்த மதங்கசூளாமணியார் என்ன நினைத்தார் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. கருவியில் அடங்காதது மிடற்றில் அடங்கும் என்பது பாடுகிற அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பெண்களின் பெயரை எழுதும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, இன்ன கோயிலிலிருந்து வந்தவள், பெயர் இன்னது, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று ஒரு குமாஸ்தாவின் சிரத்தையோடு எழுதியிருக்கிறார்கள். திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று அவர்கள் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். சம்பளம் கொடுத்தால் பெயர் வேண்டும். கணக்கில் வராமல் வந்து, பாடிக் கொடுத்துவிட்டுப் போனவளுக்குப் பெயர் எதற்கு? புராணத்தில் அவள் 'ஒருத்தி'.

அவளுக்கும் முந்திய ஒருத்தியின் கதை வேறு விதம். காரைக்கால் அம்மையார் தாமே பாட்டும் செய்தார். திருவாலங்காட்டைப் பற்றிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடையும் இந்தளமுமாக வழங்குகின்றன. பதிகம் என்னும் வடிவத்துக்கே முன்னோடி அவர் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பாட்டின் இறுதியில் தம் பெயரையும் அவரே வைத்துவிட்டார். ஆகவே யாரும் அதை அழிக்க முடியவில்லை. புத்திசாலி அம்மையார்! பிறர் பாட்டுக்கு இசை அமைத்தவளுக்கு முத்திரை வைக்க இடமில்லாமல் போயிற்று.

பெண் பாடினால் குரலைப் புகழ்வது, அவள் இசையைப் படைத்தால் மறந்து விடுவது: இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் பாலீன் வியார்தோ என்ற மாதரசி இருந்தாள். ஸ்பெயின் தேசத்துச் செவீல் நகரத்திலிருந்து வந்த கார்ஸியா என்னும் பாடகரின் மகள். 1821இல் பாரிஸில் பிறந்தாள். குடும்பமே சங்கீதக் குடும்பம். அக்காள் மரியா மாலிப்ரான் ஐரோப்பாவையே மயக்கிய பாடகி. பாலீனுக்கோ பியானோவில்தான் ஆசை. மகா வித்துவானாகிய லிஸ்டினிடமே கற்றாள். ஆனால், 1836இல் குதிரையிலிருந்து விழுந்ததன் விளைவாக இருபத்தெட்டாம் வயதில் அக்காள் இறந்து போகவே, பியானோவை மூடிவிட்டுப் பாட வேண்டும் என்று தாயார் கட்டளையிட்டாள். தங்கை அக்காளின் இடத்தில் நின்று பாடினாள். 1839இல் லண்டனில் அரங்கேற்றம். பத்தாண்டுக்குப் பின்னர் பாரிஸில் மேயர்பீரின் இசை நாடகத்தில் தாய் வேஷத்தில் அவள் பாடியதைக் கேட்டு ஊரே கண்ணீர் விட்டது. ஷோபான் அவளுக்கு நண்பர். அவருடைய பியானோ உருப்படிகளுக்குச் சொல் பொருத்திப் பாட்டாக்கினாள். ருஷ்ய நாவலாசிரியர் துர்கனேவ் வாழ்நாள் முழுவதும் அவளைச் சுற்றியே இருந்தார். அவர் கதை எழுத, அவள் இசை அமைத்துச் சிறு நாடகங்கள் போட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களுக்கு இசை செய்தாள். 1904இல், எண்பது கடந்த பிறகு, 'ஸாந்திரியோன்' என்னும் இசை நாடகத்தை வெளியிட்டாள். 1910இல் காலமானாள்.

இத்தனை இருந்தும், அவள் காலமான பிறகு நெடுங்காலம் சங்கீத சரித்திரங்களில் அவள் வெறும் பாடகி. அல்லது துர்கனேவின் காதலி. அவள் செய்த இசையை எடுத்துப் பாடத் தொடங்கியது மிகவும் பிற்காலத்தில்தான். அப்படித் தொடங்க முடிந்ததற்குக் காரணம், காகிதம் இருந்தது. அதன்மேல் பெயர் இருந்தது. பாலீனைப் பற்றி இன்னொரு சமாசாரமும் இங்கே சொல்லத் தகும். மொஸார்ட் தம் கையாலேயே எழுதிய 'டான் ஜியோவானி'ச் சுவடி 1855இல் விலைக்கு வந்தபோது, நகைகளை விற்று அவள் அதை வாங்கினாள். பெட்டியில் வைத்துப் பூஜித்து, 1892இல் பாரிஸ் இசைக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்தாள். தில்லையில் ஏடுகளைப் புற்று தின்றதைப் படித்தபோது, அந்த அம்மாளின் நகைப் பெட்டி நமக்கு ஞாபகம் வந்தது.

நம்மிடம் காகிதமும் இல்லை, பெயரும் இல்லை. பண் மட்டும் இருக்கிறது. அதை ஆராய்கிறவர்கள் நம் நாட்டில் இல்லாமல் போகவில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் பரோடாவில் நடந்த சங்கீத மகாநாட்டில், அவருடைய சுருதிக் கொள்கையை வீணையில் வாசித்து நிரூபித்துக் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்களே. கொள்கைக்குப் பண்டிதர் பெயர், விரல் பெண்களுடையது! அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் முன்பு தமிழ்ப் பேராசிரியராக இருந்த மட்டக்களப்பு விபுலானந்த அடிகள், மறைந்து போன யாழைக் கணக்குப் போட்டு மீட்டு, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அதில் தேவாரவியல் என்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார். 1929இல் ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரியையும், 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மகாநாட்டையும் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். அங்கே மூண்ட கனல்தான் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாயிற்று; அந்தச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சியைத் தொடங்கியது. தமிழில் பாட வேண்டும் என்று வாதாடியவர்கள் மூவர் பெயரையும் முழங்கினார்கள். முத்துத் தாண்டவரையும் கோபாலகிருஷ்ண பாரதியாரையும் முழங்கினார்கள். வாதத்துக்கு மிகவும் வலிமை தரக்கூடிய சாட்சி ஒருத்தி விருத்தாசலத்துப் பக்கத்திலே இருந்தாள். அவளைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் பெரிதாக எழவில்லை.

அவள் பாடிய இடத்தின் கதையும் விசித்திரமானதுதான். பாணர் மகள் சந்நிதியில் நின்று பாடிப் பண் வகுத்ததாகக் கோயில் மரபே சொல்கிறது. அதே தில்லையில், திருச்சிற்றம்பல மேடையில் ஏறித் தேவாரம் பாடுவதற்கு 2008ஆம் ஆண்டில் அரசாங்கம் தனியாக உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்தது. இரு தரப்பு வாதங்களையும் நாம் படித்தோம். ஆகமம் பேசினார்கள், சட்டம் பேசினார்கள். எருக்கத்தம்புலியூரை யாராவது ஒருவர் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓதுவார் பதவியோ வெகுகாலம் ஆண்களுக்கே உரியதாக இருந்து வந்தது. 2021இல் சென்னைக்கு அருகே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டபோது பத்திரிகைகள் புதுமை, புரட்சி என்று எழுதின. புதுமைதான். ஆயிரம் வருஷத்துப் புதுமை.

நாம் கேட்பது பெரிய காரியம் அன்று. அண்ணாமலை நகரில் இசை பயிலும் இடத்தில் ஒரு கூடத்துக்கு அவள் பெயரை வைக்கலாம். பண் இசையில் ஆண்டுதோறும் முதலாக வரும் மாணவிக்கு அவள் பெயரால் ஒரு தம்புரா பரிசளிக்கலாம். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மூன்று ஊர்களிலும் உள்ள சபைகள், வருஷத்தில் ஒரு நாள், பெண்களை மட்டும் கொண்டு பண்முறைப்படி தேவாரக் கச்சேரி வைக்கலாம். பக்க வாத்தியத்துக்கு யாழ் கிடைக்காது, வீணை போதும்.

'பெயரே தெரியாதவளுக்கு எந்தப் பெயரை ஐயா வைப்பது?' என்று காரியதரிசிகள் கேட்பார்கள். அதற்கும் நம் சங்கீத உலகத்திலேயே வழி இருக்கிறது. 'இன்றைக்கு அரியக்குடி கச்சேரி', 'நேற்று முசிறி பாடினார்', 'செம்மங்குடி வருகிறாராம்' என்றுதானே சொல்லிப் பழகியிருக்கிறோம்? ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆள் தெரிகிறது. அந்த மரியாதைப்படியே விளம்பரத் தாளில் 'எருக்கத்தம்புலியூர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விடலாம்.